ஹோஸ்டிங் மாற்றிய பிறகு தளம் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஒருநாள் ராத்திரி இரண்டு மணி நேரம் ஒரே ஸ்டைல் ஃபைலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தலைப்பின் நிறத்தை மாற்றுகிறேன், சேமிக்கிறேன், ரெஃப்ரெஷ் கொடுக்கிறேன், ஒன்றும் மாறவில்லை. கேஷைத் துடைத்தேன். வேறு பிரௌசரில் பார்த்தேன். கடைசியில் ஃபைலையே அழித்துப் பார்த்தேன், தளம் அசையவில்லை. அப்புறம்தான் உறைத்தது: நான் திருத்தியது புது சர்வரில், பிரௌசர் காட்டிக்கொண்டிருந்தது பழைய சர்வரை.

தளம் என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொன்னாலும் அது மூன்று மூட்டை. ஃபைல்கள் ஒன்று, டேட்டாபேஸ் ஒன்று, பெயர் ஒன்று. பெயர் என்றால் டொமைனும், அது எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் ரெக்கார்டுகளும். மூன்றும் மூன்று வண்டியில் கிளம்பி மூன்று நேரத்தில் வந்து சேரும். ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: எந்த மூட்டை இன்னும் வரவில்லை, அல்லது வழியில் நசுங்கிவிட்டது?

கீழே சொல்வதெல்லாம் சிபேனல் (கணக்கை நிர்வகிக்கும் பக்கம்) உள்ள ஷேர்டு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வேர்ட்பிரஸ் தளத்தை மனதில் வைத்துச் சொல்வது. உள்ளடக்கம் தமிழில் இருந்தால் கூடுதலாகச் சில வில்லங்கங்கள் உண்டு. அவற்றை விரிவாகவே சொல்கிறேன்.

எதைத் தொடுவதற்கும் முன்: பார்ப்பது எந்தச் சர்வர்?

புது சர்வரில் தளத்தின் ஃபைல்கள் இருக்கும் பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டரில் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் போடுங்கள். உள்ளே "புதுசு" என்று ஒரு சொல் போதும். பிரௌசரில் டொமைன் பெயருக்குப் பின்னால் அந்த ஃபைல் பெயரை அடித்துத் திறங்கள். "புதுசு" என்று வந்தால் நீங்கள் புது வீட்டில்தான் நிற்கிறீர்கள். 404 (பக்கம் இல்லை) வந்தால் இன்னும் பழைய வீட்டு வாசலில். என்எஸ்லுக்அப் கட்டளையில் ஐபி எண்ணை, அதாவது சர்வரின் முகவரி எண்ணைப் பார்ப்பதும் ஒரு வழிதான். ஆனால் சர்வருக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் கிளவுட்ஃபிளேர் சேவை இருந்தால் அதன் ஐபிதான் தெரியும், பின்னால் எந்தச் சர்வர் என்று தெரியாது. டெக்ஸ்ட் ஃபைல் ஏமாற்றாது.

டிஎன்எஸ்ஸை மாற்றுவதற்கு முன்பே புது சர்வரைச் சோதிக்க ஹோஸ்ட்ஸ் ஃபைல் இருக்கிறது. விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்ற ஃபோல்டரில் கிடைக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கடைசியில் ஒரு வரி: புது சர்வரின் ஐபி, ஒரு இடைவெளி, டொமைன் பெயர். அதே வரியில் இன்னொரு இடைவெளி விட்டு மூன்று டபிள்யூ சேர்த்த பெயரையும் எழுதுங்கள். பலர் இதை விட்டுவிட்டுக் குழம்புவார்கள். இனி உங்கள் கணினிக்கு மட்டும் அந்த டொமைன் புது சர்வரைக் காட்டும். உலகத்துக்குத் தெரியாமல் எல்லாப் பக்கத்தையும் நிதானமாகச் சோதித்துக்கொள்ளலாம்.

எனக்குப் புதுசு தெரிகிறது, இன்னொருவருக்குப் பழசு தெரிகிறது

முதல் நாளில் இது நோயே இல்லை. ஒவ்வொரு டிஎன்எஸ் ரெக்கார்டுக்கும் டிடிஎல் என்ற ஆயுள் உண்டு, நொடிக் கணக்கில். 14400 என்றிருந்தால் ஒருமுறை கேட்டவர் நான்கு மணி நேரம் பழைய விடையையே நம்பிக்கொண்டிருப்பார். மாற்றத்துக்கு ஒருநாள் முன்பே அதை 300 ஆக்கிவைத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். மாற்றிய பிறகு குறைத்துப் பயனில்லை. பழைய ஆயுள் ஏற்கெனவே ஊரெங்கும் போய்விட்டது.

டொமைனின் ஐபியைச் சொல்லும் ஏ ரெக்கார்டை மாற்றுவதற்குப் பதில், ரெக்கார்டுகளையெல்லாம் வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றியிருந்தால் கதை வேறு. டாட் காம் பதிவேட்டில் நேம்சர்வர் விவரத்துக்கான ஆயுள் 172800 நொடி, அதாவது இரண்டு நாள். அதை நாம் குறைக்க முடியாது. "48 மணி நேரம் ஆகலாம் சார்" என்று சப்போர்ட்டில் சொல்வது இதனால்தான். சில சமயம் அது சாக்கு. சில சமயம் உண்மை.

மூன்றாவது நாளும் இதே நிலை என்றால் சந்தேகப்பட வேண்டியது ஏஏஏஏ ரெக்கார்டை, அதாவது புதுவகை ஐபிவி6 முகவரியைச் சொல்லும் ரெக்கார்டை. எனக்கு இது நடந்தது. வீட்டு வைஃபையில் புதுத் தளம், கைபேசியில் டேட்டாவைப் போட்டால் பழைய தளம். கைபேசியைத் திட்டி, சிம்மைத் திட்டி, கடைசியில் டிஎன்எஸ் பட்டியலை முழுசாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஏ ரெக்கார்டை மாற்றிய நான் ஐபிவி6-க்கான ஏஏஏஏ ரெக்கார்டை அப்படியே விட்டிருக்கிறேன். அது இன்னும் பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருந்தது. வீட்டு பிராட்பேண்டில் அப்போது ஐபிவி4 மட்டும். ஜியோ போன்ற மொபைல் நெட்வொர்க்கில் ஐபிவி6 தாராளம். புது சர்வருக்கு ஐபிவி6 முகவரி இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் ஏஏஏஏ ரெக்கார்டை அழித்துவிடுங்கள்.

இந்த இடைவெளியில் பழைய சர்வருக்கு வந்த கமெண்டுகளும் ஆர்டர்களும் பழைய டேட்டாபேஸிலேயே தங்கிவிடும். கடைத் தளம் என்றால், டேட்டாபேஸை எடுக்கும் நிமிடத்திலிருந்து பழைய தளத்தைப் பராமரிப்பு நிலையில் வையுங்கள். ஒரு மணி நேரம் கடை மூடியிருப்பது பரவாயில்லை. பணம் கட்டியவரின் ஆர்டர் காணாமல் போவது அப்படியல்ல.

டேட்டாபேஸோடு இணைக்க முடியவில்லை என்ற ஒற்றை வரி

வெள்ளைப் பக்கத்தின் நடுவில் "எரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்‌ஷன்". பயமுறுத்தும் செய்தி, ஆனால் இருப்பதிலேயே சுலபமான கோளாறு. ஃபைல்கள் வந்துவிட்டன, பெயரும் வந்துவிட்டது, டேட்டாபேஸின் சாவி மட்டும் பழைய வீட்டுடையது. டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலைத் திறந்து டேட்டாபேஸ் பெயர், யூசர் பெயர், பாஸ்வேர்டு, ஹோஸ்ட் என்ற நான்கு வரிகளைப் பாருங்கள்.

சிபேனல் டேட்டாபேஸ் பெயருக்கு முன்னால் கணக்குப் பெயரையும் ஒரு அடிக்கோட்டையும் ஒட்டிவிடும். புது ஹோஸ்டிங்கில் கணக்குப் பெயர் வேறு என்பதால் முன்னொட்டும் வேறு. அடுத்தது, யூசரை உருவாக்கினால் மட்டும் போதாது. அவரை டேட்டாபேஸில் சேர்த்து எல்லா அனுமதியும் கொடுப்பது தனி வேலை, அதே பக்கத்தில் கீழே இருக்கும். ஹோஸ்ட் என்ற இடத்தில் பெரும்பாலும் லோக்கல்ஹோஸ்ட்தான். சில நிறுவனங்கள் டேட்டாபேஸுக்குத் தனி சர்வர் பெயர் தருவார்கள்.

இந்தச் செய்திக்குப் பதில் வேர்ட்பிரஸின் புது நிறுவல் பக்கம் வந்து "வாருங்கள், தளத்துக்குப் பெயர் வையுங்கள்" என்று வரவேற்றால், நிரப்பிவிடாதீர்கள்! டேட்டாபேஸ் இணைந்துவிட்டது, டேபிள் முன்னொட்டு பொருந்தவில்லை. கான்ஃபிக் ஃபைலில் டபிள்யூபி_ என்றிருக்கும், டேபிள்களுக்கு வேறு முன்னொட்டு இருக்கும். அல்லது டேட்டாபேஸ் காலியாகவே இருக்கும்.

தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன

ஆங்கிலத் தளம் வைத்திருப்பவருக்கு இந்தக் கொடுமை முழுசாகத் தெரியாது. அவருக்கு எங்கோ ஒரு மேற்கோள்குறி கோணலாகும், அவ்வளவுதான். நமக்குத் தளமே போய்விடும். ஆனால் பதறுவதற்கு முன் எப்படிச் சிதைந்திருக்கிறது என்று உற்றுப் பார்க்க வேண்டும். மூன்று விதம் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

"தமிழ்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்8 முறையில் இந்த ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ஆக 15 பைட். இந்த மூன்று எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விதம்: தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்ற வணிகக்குறி, மறுபடி அதே ஏ என்று நீளமாக ஓடும். தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றுதான், அதனால்தான் அந்தக் கோடு போட்ட ஏ திரும்பத் திரும்ப வருகிறது. ஐந்து குறியீடு 15 துண்டாக உடைந்து, ஒவ்வொரு பைட்டும் தனித்தனி லத்தீன் எழுத்தாக வேஷம் போட்டிருக்கிறது. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் இதுதான் நல்ல செய்தி: ஒரு பைட்கூடத் தொலையவில்லை.

இரண்டாம் விதம்: வெறும் கேள்விக்குறிகள். "தமிழ்" இருந்த இடத்தில் சரியாக ஐந்து. டேட்டாபேஸை நடத்தும் மைஎஸ்க்யூஎல் மென்பொருள் உங்கள் எழுத்தை லத்தீனுக்கு மாற்றப் பார்த்து, முடியாமல், குறியீட்டுக்கு ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டது. இங்கேதான் டேட்டாபேஸுக்குள் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து போஸ்ட்ஸ் டேபிளைப் பார்க்க வேண்டும். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் டேட்டா பத்திரம், தளத்துக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவிலுள்ள இணைப்புதான் தப்பான மொழி பேசுகிறது. அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால் அந்தப் பிரதியில் தமிழ் போய்விட்டது. எந்த மந்திரமும் மீட்காது. பழைய சர்வரிலிருந்து மறுபடி எடுத்துத்தான் ஆக வேண்டும். பழைய கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள் என்று நான் கத்துவதற்கு இது ஒன்றே போதும்.

மூன்றாம் விதம்: கறுப்பு வைர வடிவத்துக்குள் வெள்ளைக் கேள்விக்குறி. வந்த பைட்டுகள் யூடிஎஃப்8 இல்லை, ஆனால் யூடிஎஃப்8 என்று பிரௌசருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. யூனிகோடு வருவதற்கு முன் டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துமுறையில் தட்டச்சு செய்த பழைய எச்டிஎம்எல் பக்கங்களை இன்னும் அப்படியே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது வரும். பக்கத்துக்குள் மெட்டா வரியில் என்ன எழுதியிருந்தாலும் சர்வர் அனுப்பும் ஹெடர்தான் ஜெயிக்கும். சர்வருக்கான விதிகளை எழுதிவைக்கும் எச்டிஅக்சஸ் ஃபைலில் ஆட்டிஃபால்ட்சார்செட் என்ற கட்டளையை ஆஃப் செய்தால் பக்கத்தின் சொந்தக் குரல் திரும்பிவிடும். உங்கள் பக்கம் யூடிஎஃப்8 ஆக இருந்து, புது சர்வர் வேறு எதையோ அறிவிக்கிறது என்றால், அதே கட்டளையில் யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள்.

முதல் விதத்துக்கு வருவோம். இது ஏன் நடக்கிறது? மைஎஸ்க்யூஎல் 8.0 வருவதற்கு முன்புவரை அதன் இயல்பான எழுத்துமுறை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்1. வேர்ட்பிரஸில் டேட்டாபேஸின் எழுத்துமுறையைக் குறிப்பிடும் வரியே 2007-இல் 2.2 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் தொடங்கிய தளங்களில் டேபிள் லத்தீன்1, இணைப்பும் லத்தீன்1, உள்ளே போனது மட்டும் யூடிஎஃப்8 தமிழ். இரு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. போன பைட் அப்படியே திரும்பி வந்தது. புது சர்வரில் கான்ஃபிக் ஃபைலைப் புதிதாக எழுதி யூடிஎஃப்8எம்பி4 என்று போட்டீர்கள். ஒரு பக்கம் உண்மை பேசத் தொடங்கியதும் மைஎஸ்க்யூஎல் கடமை தவறாமல் லத்தீனை யூடிஎஃப்8 ஆக மாற்றித் தருகிறது. அதுதான் அந்தக் கோடு போட்ட ஏ.

உடனடி நிவாரணம்: பழைய கான்ஃபிக் ஃபைலில் டிபி_சார்செட் வரியில் என்ன இருந்ததோ அதையே புதிதிலும் போடுங்கள். வரியே இல்லையென்றால் புதிதில் லத்தீன்1 என்று போடுங்கள். பெரும்பாலும் தமிழ் திரும்பிவிடும். ஆனால் பொய் தொடர்கிறது. அடுத்த மாற்றத்தில் மறுபடி கடிக்கும்.

நிரந்தர வைத்தியத்துக்கு எஸ்எஸ்எச் (சர்வருக்குள் நுழைந்து கட்டளை அடிக்கும் வழி) வசதி வேண்டும். மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையில் எழுத்துமுறை லத்தீன்1 என்று சொல்லி, கூடவே ஸ்கிப்-செட்-சார்செட் என்ற விருப்பத்தையும் கொடுத்து டேட்டாபேஸை எடுங்கள். அந்த எஸ்க்யூஎல் ஃபைலை எடிட்டரில் திறந்து பாருங்கள். உள்ளே தமிழ் தமிழாகவே தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. டேபிள்களை உருவாக்கும் வரிகளில் லத்தீன்1 என்றிருப்பதை யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள், பக்கத்தில் லத்தீன்1 பெயரில் கொலேஷன் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) இருந்தால் அதையும். பிறகு யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லி இம்போர்ட் செய்யுங்கள். அந்த ஃபைலை எக்ஸெலில் மட்டும் திறந்துவிடாதீர்கள். இதையெல்லாம் முதலில் ஒரு காலி டேட்டாபேஸில் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் நிஜத்தில் கை வையுங்கள்.

யூடிஎஃப்8 போதாதா, எம்பி4 எதற்கு என்று கேட்பார்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 எழுத்துக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதும். ஆனால் எமோஜிக்கு 4 பைட். பொங்கல் வாழ்த்தில் யாரோ ஒரு நெற்கதிரும் சிரிப்பும் போட்டிருந்தால், சர்வர் கண்டிப்பில்லாத நிலையில் ஓடும்போது, அந்த எமோஜியிலிருந்து பதிவின் மீதி முழுவதும் வெட்டுப்படும். பதிவு பாதியில் நிற்கிறது, எங்கே நின்றதோ அங்கே முன்பு ஒரு எமோஜி இருந்தது என்றால் காரணம் இதுதான்.

இம்போர்ட் பாதியில் நின்றது, அல்லது தளம் தெரிகிறது ஆனால் லாகின் ஆகவில்லை

பிஎச்பிமைஅட்மினுக்குப் பொறுமை குறைவு. பெரிய ஃபைலைக் கொடுத்தால் நேர வரம்பு முடிந்து பாதியில் நின்றுவிடும், சில சமயம் சத்தமே இல்லாமல். டேபிள்கள் பெரும்பாலும் அகர வரிசையில் ஏறுகின்றன: கமெண்ட்ஸ் முன்னால், ஆப்ஷன்ஸ், போஸ்ட்ஸ் நடுவில், யூசர்ஸ் கடைசிப் பக்கம். ஆகவே பாதியில் நின்ற இம்போர்ட்டில் பதிவுகளெல்லாம் அழகாகத் தெரியும்; உள்ளே நுழைய மட்டும் ஆளில்லை. பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் இரண்டு சர்வரிலும் டேபிள் எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள். எஸ்எஸ்எச் வழியாக இம்போர்ட் செய்தால் இந்தத் தொல்லை இல்லை; முடியாவிட்டால் ஃபைலை ஜிஜிப் ஆகச் சுருக்கி ஏற்றுங்கள், அல்லது டேபிள்களைப் பிரித்து ஏற்றுங்கள்.

1273 என்ற எண்ணோடு தெரியாத கொலேஷன் என்று நின்றால், பழைய சர்வர் மைஎஸ்க்யூஎல் 8, புதியது பழைய பதிப்பு அல்லது அதன் உறவான மரியாடிபி. யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ என்ற பெயர் அங்கே கிடையாது. அதில் வரும் ஏஐ செயற்கை நுண்ணறிவு இல்லை, ஆக்சென்ட் இன்சென்சிட்டிவ். எஸ்க்யூஎல் ஃபைலில் அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ என்று மாற்றினால் ஏறிவிடும்.

முகப்பு திறக்கிறது, உள்பக்கமெல்லாம் 404

புள்ளியில் தொடங்கும் எச்டிஅக்சஸ் ஃபைல் வரவில்லை. லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர் மறைந்திருக்கும். ஃபைல் மேனேஜரில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்ததாக நினைத்திருப்பீர்கள், அது தேர்வாகியே இருக்காது. செட்டிங்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதை டிக் செய்துவிட்டு மறுபடி எடுங்கள். அல்லது வேர்ட்பிரஸில் பெர்மாலிங்க் பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் சேமியுங்கள், அதுவே எழுதிக்கொள்ளும். புது சர்வர் வெறும் என்ஜின்எக்ஸ் மென்பொருளில் ஓடுகிறது என்றால் எச்டிஅக்சஸைக் கண்டுகொள்ளாது, அதற்கு விதிகளைத் தனியாக எழுத வேண்டும்.

தமிழில் முகவரி உள்ள பதிவுகளைப் பற்றி ஒரு குறிப்பு. வேர்ட்பிரஸ் அதை விழுக்காட்டுக்குறி வடிவில்தான் சேமிக்கிறது: ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து, மொத்த இடம் 200. ஆக 22 தமிழ்க் குறியீட்டோடு முகவரி முடிந்துவிடும். "திருவண்ணாமலை கார்த்திகை தீபம்" என்று தலைப்பு வைத்தால் முகவரியில் தீபம் அணைந்திருக்கும். ஹோஸ்டிங் மாற்றியதால் வெட்டுப்பட்டது என்று நினைத்து அதைத் "திருத்திவிடாதீர்கள்"; கூகுளில் பதிந்திருப்பது அந்த வெட்டுப்பட்ட முகவரிதான். இதில் ஒரு சௌகரியமும் உண்டு. இந்த வடிவம் முழுக்க ஆங்கில எழுத்தும் எண்ணும்தான் என்பதால், தலைப்பெல்லாம் கேள்விக்குறியானாலும் முகவரி பிழைத்திருக்கும். எது எந்தப் பதிவு என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

சில படங்கள் மட்டும் வரவில்லை

எந்தப் படங்கள் என்று பட்டியல் போடுங்கள். பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்தவை மட்டும் என்றால், விண்டோஸ் சர்வரிலிருந்து லினக்ஸுக்கு வந்திருக்கிறீர்கள். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு.

தமிழ்ப் பெயர் வைத்த படங்கள், அதிலும் ஒகர, ஓகார, ஔகாரம் வருபவை மட்டும் காணவில்லை என்றால் அது ருசியான கேஸ். கோவில் என்ற பெயரில் உள்ள "கோ"வை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஓகாரக் குறி ஒன்று. அல்லது க, இரட்டைச் சுழிக் கொம்பு, கால் என்று பிரித்து. திரையில் இரண்டும் ஒரே கோ. கணினிக்கு வேறு வேறு பெயர். பழைய மேக் கணினிகளின் ஃபைல் அமைப்பு பெயர்களைப் பிரித்தே வைக்கும். அப்படிப்பட்ட மேக் வழியாக இறக்கி ஏற்றினால் கோவில் படம் போய்விடும், மலை படம் இருக்கும்! ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பெயரை மாறி மாறிப் பார்த்து நான் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்திருக்கிறேன். லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவி என்எஃப்சி விருப்பத்தோடு இவற்றை ஒட்டவைத்துவிடும். அதைவிட, பழைய சர்வரிலேயே டார் என்ற ஒற்றை ஃபைலாகக் கட்டி, உங்கள் கணினியில் பிரிக்காமல் புது சர்வரில் போய்ப் பிரித்தால் இந்த வம்பே இல்லை.

வெள்ளைத் திரை அல்லது 500 என்ற சர்வர் எரர்

ஊகிக்காதீர்கள், எரர் லாகைத் திறங்கள். சிபேனலில் எரர்ஸ் என்றே ஒரு பக்கம் இருக்கிறது. நான் அதிகம் பார்த்த காரணங்கள் மூன்று. பிஎச்பி பதிப்பு: புது ஹோஸ்டிங் 8-இல் இருக்கும், உங்கள் பழைய தீம் 8.0-இல் நீக்கப்பட்ட கிரியேட்_ஃபங்ஷனையோ ஈச்-ஐயோ கூப்பிடும். பழைய சர்வரில் இருந்த அதே பதிப்பை மல்டிபிஎச்பி மேனேஜரில் போட்டு முதலில் தளத்தை எழுப்புங்கள். பதிப்பை உயர்த்துவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, எச்டிஅக்சஸில் பிஎச்பி_வேல்யூ என்று தொடங்கும் வரி. பிஎச்பி வேறு முறையில் ஓடும் சர்வர் அதைப் பார்த்ததும் 500 கொடுத்துவிடும், வரியை நீக்குங்கள். மூன்றாவது, பழைய கணக்கின் முழுப் பாதையும் எழுதப்பட்ட இடங்கள்: கேஷ் ப்ளக்இன் ஃபைல்கள், பாதுகாப்பு ப்ளக்இன்கள் எழுதிவைக்கும் யூசர் ஐஎன்ஐ என்ற இன்னொரு புள்ளி ஃபைல். லாகில் பழைய கணக்குப் பெயர் கண்ணில் பட்டால் அதுதான்.

அனுமதி எண்கள்: ஃபைலுக்கு 644, ஃபோல்டருக்கு 755. எதற்கெடுத்தாலும் 777 போடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில சர்வர்கள் 777-ஐப் பார்த்தாலே 500 கொடுக்கும்.

பூட்டுச் சின்னம் இல்லை, அல்லது தளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது

எச்டிடிபிஎஸ்ஸுக்கான லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் கிடைக்க டொமைன் பொதுவாகப் புது சர்வரைக் காட்டியிருக்க வேண்டும். ஆகவே டிஎன்எஸ் மாறிய கொஞ்ச நேரத்துக்கு எச்சரிக்கை வரும். சிபேனலில் ஆட்டோஎஸ்எஸ்எல்லை ஓடவிட்டால் சரியாகும். இந்த இடைவெளியும் கூடாது என்றால் பழைய சான்றிதழையும் அதன் பிரைவேட் கீயையும் முன்கூட்டியே புது சர்வரில் ஏற்றிவைக்கலாம்.

ரீடைரக்ட் அதிகம் என்று பிரௌசர் கைவிரித்தால், நடுவில் கிளவுட்ஃபிளேர் இருக்கிறதா பாருங்கள். அதன் எஸ்எஸ்எல் அமைப்பில் ஃப்ளெக்சிபிள் என்றிருந்தால் அது உங்கள் சர்வரிடம் எச்டிடிபியில் பேசும். சர்வர் எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ என்று திருப்பும். அது மறுபடி எச்டிடிபியில் வரும். செக்குமாடு கதைதான். ஃபுல் ஸ்ட்ரிக்ட் ஆக மாற்றுங்கள், சர்வரில் சான்றிதழ் இருக்க வேண்டும்.

பக்கம் திறக்கிறது, பூட்டு மட்டும் அரைகுறை என்றால் டேட்டாபேஸில் பழைய எச்டிடிபி முகவரிகள் இருக்கின்றன. இங்கே எஸ்க்யூஎல் ஃபைலை எடிட்டரில் திறந்து ஃபைண்ட்-ரீப்ளேஸ் அடிக்கும் ஆசை வரும். வேண்டாம். வேர்ட்பிரஸ் பல அமைப்புகளைச் சொல்லின் நீளத்தோடு சேர்த்து வைக்கிறது. எச்டிடிபியில் எக்சாம்பிள் டாட் காம் என்றால் 18 எழுத்து, அதனால் பக்கத்தில் 18 என்று எழுதியிருக்கும். ஒரு எஸ் சேர்த்ததும் சொல் 19 ஆகும், எண் 18-ஆகவே நிற்கும். கணக்கு இடித்ததும் அந்த அமைப்பு முழுவதையும் படிக்க முடியாமல் போகிறது. விட்ஜெட்டுகள், தீம் அமைப்புகள் எல்லாம் காணாமல் போவது இப்படித்தான். டபிள்யூபி-சிஎல்ஐ என்ற வேர்ட்பிரஸ் கருவியின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். முதலில் டிரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) கொடுத்துப் பாருங்கள்.

மெயில் வரவில்லை

தளம் ஒருநாள் படுத்தால் சமாளிக்கலாம். மெயில் நின்றால் முதலாளி வீட்டுக்கே வந்துவிடுவார். நேம்சர்வரை மாற்றும்போது, மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டும் பழைய இடத்தோடு போய்விடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸோஹோ மெயிலோ கூகுள் வொர்க்ஸ்பேஸோ வைத்திருந்தால் அவற்றின் எம்எக்ஸ் ரெக்கார்டையும், மெயில் போலியல்ல என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் ரெக்கார்டுகளையும் புது டிஎன்எஸ்ஸில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். மாற்றுவதற்கு முன் பழைய டிஎன்எஸ் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தலைமுதல் கால்வரை.

மெயிலும் ஹோஸ்டிங்கிலேயே இருந்தால் டிஎன்எஸ்ஸைத் தொடுவதற்கு முன்பே எல்லா மெயில் பெட்டிகளையும் புது சர்வரில் உருவாக்குங்கள். காரணம் இருக்கிறது. சர்வர் கிடைக்கவில்லை என்றால் அனுப்பிய சர்வர் சில நாள் வைத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். பூட்டிய வீட்டுக்குத் தபால்காரர் மறுநாள் வருகிற மாதிரி. ஆனால் சர்வர் கிடைத்து, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று 550 சொல்லிவிட்டால் கடிதம் அப்போதே திரும்பிவிடும்.

விசித்திரமான ஒன்று: வெளியிலிருந்து வரும் மெயில் எல்லாம் வருகிறது, தளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து வருவது மட்டும் இல்லை. ஒரு சின்ன அச்சகத்தின் தளத்தில் இதைப் பார்த்தேன். மூன்று வாரமாக விலை கேட்டு ஒருவரும் எழுதவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார் உரிமையாளர். அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள். புது சர்வர் அந்த டொமைனின் மெயில் தன்னிடமே இருப்பதாக நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளேயே யாரும் திறக்காத ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தது. சிபேனலில் ஈமெயில் ரவுட்டிங் என்ற பக்கத்தில் லோக்கல் என்பதை ரிமோட் ஆக்க வேண்டும். ஒரு கிளிக்.

நீங்கள் அனுப்புவது ஸ்பாமுக்குப் போகிறது என்றால் எஸ்பிஎஃப் வரியில் பழைய ஐபியே இருக்கும். புதிதைச் சேர்க்கிறேன் என்று இரண்டாவது எஸ்பிஎஃப் ரெக்கார்டு போட்டால் இரண்டும் செல்லாது. இருக்கும் ஒன்றுக்குள்ளேயே சேருங்கள். பழைய மெயில்களை ஐமேப்சிங்க் கருவியில் பெட்டி பெட்டியாக மாற்றலாம். அது முடியும்வரை யாருடைய அவுட்லுக்கையும் காலியான புது சர்வரோடு இணைத்துவிடாதீர்கள்.

சிலருக்குத் தளமே இல்லை என்கிறது

பழசும் இல்லை, புதுசும் இல்லை, முகவரியே கிடைக்கவில்லை. கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 டிஎன்எஸ் வைத்திருப்பவர்களுக்கு வரவில்லை, வேறு சிலருக்கு வருகிறது. இது டிஎன்எஸ்செக், அதாவது டிஎன்எஸ் விடைகளைக் கையெழுத்து வைத்துச் சரிபார்க்கும் முறை. நேம்சர்வர் மாறிவிட்டது, ஆனால் டொமைன் பதிவாளரிடம் அந்தக் கையெழுத்துக்கான பழைய டிஎஸ் ரெக்கார்டு அப்படியே இருக்கிறது. கையெழுத்து பொருந்தாததால் சரிபார்க்கிறவர்கள் மறுக்கிறார்கள். டிஎஸ் ரெக்கார்டை நீக்கிவிட்டுக் காத்திருங்கள், எல்லாம் ஓய்ந்த பிறகு புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

பழைய கணக்கை மூடும் முன்

மாதக் கடைசிவரை வையுங்கள். அங்கேயிருந்து முழு பேக்கப் ஒன்றை உங்கள் சொந்த ஹார்டு டிஸ்கில் இறக்குங்கள். அதே சர்வரில் கிடக்கும் பேக்கப் கணக்கோடு சேர்ந்து போய்விடும். டிஎன்எஸ் இன்னும் பழைய இடத்திலிருந்துதான் ஓடுகிறதா, டொமைன் அங்கேதான் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வேர்ட்பிரஸின் ரீடிங் பக்கத்தில், சோதனைக் காலத்தில் போட்ட "தேடுபொறிகள் வேண்டாம்" என்ற டிக் இன்னும் இருந்தால் எடுங்கள். நேரம் குறித்து ஓடும் கிரான் வேலைகள் புது சர்வருக்குத் தானாக வந்திருக்காது. டிடிஎல்லைப் பழையபடி 14400 ஆக்குங்கள்.

அப்புறம் அந்த ஹோஸ்ட்ஸ் ஃபைல். அதில் போட்ட வரியை நீக்கிவிட்டு, உங்கள் கணினியில் தளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.